தேங்காய்க் கத்திக்குக் காப்புறுதி

நான் காப்புறுதி விற்கிறவள். பாரிஸின் லா ஷப்பல் பகுதியில், ரூ பிலிப்-து-ஜிரார் என்கிற தெருவில் ஒரு சேலைக் கடைக்கு மேலே, முதலாம் மாடியில் எங்கள் கந்தோர். சேலை பார்க்க வந்தவர்கள் சிலவேளை வழி தவறி மேலே ஏறி வருவார்கள். என்னிடம் வர வேண்டியவர்கள் வழி தவறிக்கூட வருவதில்லை. நான்தான் அவர்களைத் தேடிப் போக வேண்டும். பலசரக்குக் கடை, நகைக்கடை, சலூன், சாப்பாட்டுக் கடை என்று ஒவ்வொன்றாக ஏறி இறங்கி, நெருப்புப் பிடித்தால் என்ன, தண்ணீர்க் குழாய் வெடித்தால் என்ன, கண்ணாடியை உடைத்தால் என்ன என்று அபசகுனமாகவே பேசுவது என் தொழில். காலையில் கடை திறந்ததும் என் முகத்தில் விழிக்க ஒருவருக்கும் விருப்பம் இல்லை. அதனால் மத்தியானத்துக்குப் பிறகுதான் போவேன்.

திருட்டுக்கும் நெருப்புக்கும் எல்லோரும் போடுவார்கள். அதே ஒப்பந்தத்தில் சட்டப் பாதுகாப்பு என்று ஒரு பகுதி உண்டு. வழக்கு என்று ஒன்று வந்தால் அவொக்காவின் செலவைக் கம்பனி ஏற்றுக்கொள்ளும். இங்கே வக்கீலை அவொக்கா என்றுதான் சொல்வோம். அந்தப் பகுதி வந்ததும் எல்லோரும் ஒரே மாதிரிக் கையை விசுக்குவார்கள். "உது வேண்டாம் அக்கா. எங்களுக்கு என்ன கேஸ் வரப்போகுது?" கேஸ் கொடுத்துத்தான் இந்த நாட்டில் இருக்க அனுமதி வாங்கியவர்கள் பேசுகிற பேச்சு இது. எங்கள் ஆட்களுக்குக் கேஸ் என்றால் ஒன்றுதான். அகதி விண்ணப்பத்தோடு எழுதிக் கொடுக்கும் கதை. அதில் வென்றுவிட்டால் பிறகு வாழ்நாளில் வழக்கே கிடையாது என்று ஒரு நம்பிக்கை.

என் அக்காவின் கணவர் மட்டும் அந்தப் பகுதிக்கும் கையெழுத்து வைத்தார். விளங்கி வைத்தார் என்று நான் சொல்லமாட்டேன். மச்சாள் நான் நீட்டுகிற இடத்தில் கையெழுத்து வைக்கிறவர் அவர். ரூ பெர்தொனேயில் சின்னதாக ஒரு நகைக்கடை வைத்திருக்கிறார். அதிகம் கதைக்க மாட்டார். ஓல்னே-சூ-புவா புறநகரில் இருந்து அக்காவும் அவரும் ஒரே ரயிலில் வந்து ஒரே ரயிலில் திரும்புவார்கள். அந்த ரயிலிலும் கதைக்கிறது அக்காதான்.

அது ஒரு வெள்ளிக்கிழமை நடந்தது. வெள்ளி என்பது முக்கியம், பிறகு எல்லாம் அதில்தான் வந்து நின்றது. வெள்ளிக்கிழமைகளில் அத்தான் கடை திறந்ததும் சாமிப்படத்துக்கு முன்னால் தேங்காய் உடைப்பார். அதற்கென்று பாரமான கத்தி ஒன்று இருக்கிறது. கத்தியின் முதுகால் ஒரே தட்டு. பாதி இரண்டையும் படத்துக்கு முன் வைத்துவிட்டுக் கத்தியைக் கழுவிக் கல்லாவுக்குப் பின்னால் உள்ள தட்டில் காய வைப்பார். பின்னேரம் அக்கா தேங்காயை எடுத்துக்கொண்டு போய் வீட்டில் சம்பல் இடிப்பாள்.

அன்று மத்தியானத்துக்குப் பிறகு இரண்டு பேர் வந்து மணி அடித்தார்கள். கதவு உள்ளிருந்து பொத்தானை அழுத்தினால்தான் திறக்கும். சுத்தமான உடுப்பு, சிரித்த முகம், கலியாண மோதிரம் பார்க்க வேண்டும் என்றார்கள். அத்தான் திறந்துவிட்டார். ஒருவன் உள்ளே வந்ததும் சட்டைக்குள் இருந்து சுத்தியலை எடுத்துக் கண்ணாடிப் பெட்டியை உடைத்தான். மற்றவன் சங்கிலிகளை அள்ளினான். கல்லாவில் இருந்த அக்கா எழுந்து அபாய மணியை அழுத்தப் போனாள். சுத்தியல் வைத்திருந்தவன் அவளுடைய பக்கம் திரும்பிக் கையை ஓங்கினான். அத்தான் தட்டில் இருந்த கத்தியை எடுத்து அந்தக் கையில் ஒரு வெட்டு வெட்டினார். சுத்தியல் விழுந்தது. மற்றவன் ஓடிவிட்டான். வெட்டு வாங்கியவன் நிலத்தில் இருந்துவிட்டான். அக்கா படத்துக்கு முன்னால் விரித்திருந்த துவாயை எடுத்து அவனுடைய கையைச் சுற்றிக் கட்டினாள். பொலிஸ் வந்து அவனை ஆஸ்பத்திரிக்கும் அத்தானைக் கொமிசாரியா என்கிற பொலிஸ் நிலையத்துக்கும் கொண்டுபோனது.

அக்கா எனக்குப் போன் எடுத்து அழுதாள். நான் அவளுடைய அழுகையைக் கேட்டுக்கொண்டே கணினியில் அவர்களுடைய ஒப்பந்தத்தைத் திறந்தேன். சட்டப் பாதுகாப்பு இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் "அத்தானுக்கு ஒண்டும் இல்லைத்தானே?" என்று கேட்டேன். எங்கள் குடும்பத்தில் வேலைப் பங்கீடு அப்படி.

அத்தானை ஒரு இரவு முழுக்க வைத்திருந்தார்கள். மொழிபெயர்க்கப் புதுச்சேரிக்காரர் ஒருவரை அழைத்திருந்தார்கள். அத்தான் அவரிடம், "நான் பிறகு சொல்லுறன்" என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். அடுத்த நாள் வெளியே விட்டார்கள். வெட்டு வாங்கியவனின் இரண்டு விரல்கள் மடங்காது என்று டாக்டர் எழுதியிருந்தார். ஆயுதத்தால் காயப்படுத்திய குற்றத்துக்கு அத்தான் மேல் வழக்குப் போடுவதா, தற்காப்பு என்று விடுவதா என்பதை அரச வழக்கறிஞர் தீர்மானிப்பார். அதற்கு முன்னால் இன்னொரு முறை கூப்பிட்டு வாக்குமூலம் எடுப்பார்கள். வழக்குப் போட்டால் சிறை, மறியல் என்று போகலாம். கடையை மூட வேண்டி வரலாம். அகதி அட்டை வைத்திருக்கிற மனிதர், அதற்கு என்ன ஆகும் என்று ஒருவரும் வாய் திறந்து கேட்கவில்லை. எல்லோரும் அதைத்தான் யோசித்தார்கள்.

முதலில் கம்பனிக்கு அறிவித்தேன். தொலைபேசியில் வந்த பெண் நிதானமாகக் கேட்டாள். "அவர் வேண்டுமென்றே வெட்டினாரா, தற்செயலாக நடந்ததா?"

இந்தக் கேள்விக்காகத்தான் அவளுக்குச் சம்பளம். வேண்டுமென்றே செய்த எந்தக் காரியத்துக்கும் காப்புறுதி கிடையாது. இதை நான் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். சொந்தக் கடையைக் கொளுத்திவிட்டு என்னிடம் வராதீர்கள் என்பதுதான் அதன் அர்த்தம். ஆனால் அதே பந்தியின் கடைசியில், சட்டம் ஏற்றுக்கொள்ளும் தற்காப்பு நீங்கலாக, என்று ஒரு வரி இருந்தது. நான் அந்த வரியை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். தன்னிடமும் ஒப்பந்தம் இருக்கிறது என்றாள். பிறகு மேலதிகாரியைக் கேட்டு வந்து, இப்போதைக்கு அவொக்காவின் செலவை ஏற்பதாகவும், வழக்கில் குற்றவாளி என்று தீர்ந்தால் எல்லாவற்றையும் திருப்பிக் கட்ட வேண்டும் என்றும் சொன்னாள். ஒரு கையால் குடையைத் தந்து மற்றக் கையால் அதன் பிடியைப் பிடித்துக்கொள்வது கம்பனிகளின் பழக்கம். நானும் அவர்களுடைய ஆள்தான், அதனால் கோபம் வரவில்லை.

அடுத்தது அவொக்கா. லா ஷப்பலில் இந்த விஷயத்தில் எல்லோரும் விண்ணர். விசா எடுத்துத் தந்தவர், வீடு வாங்க எழுதியவர், விவாகரத்து எடுத்துக் கொடுத்தவர் என்று ஆளுக்கொரு பெயரைச் சொன்னார்கள். பல்லுக் கொதித்தால் கண் டாக்டரிடம் போகிற கூட்டம். கம்பனியும் தன்னுடைய பட்டியலை அனுப்பியது. நான் பட்டியலை ஒதுக்கி வைத்தேன். அவொக்காவைத் தெரிவு செய்கிற உரிமை வாடிக்கையாளருக்கு உண்டு. குற்ற வழக்குகள் மட்டும் பார்க்கிற ஒரு பெண் கார் து லெஸ்ட் ரயில் நிலையத்துப் பக்கம் இருந்தார். நான் விட்ட செய்திக்கு உதவியாளரை விட்டுப் பேசாமல் தானே திருப்பிப் போன் எடுத்தார். அது எனக்குப் போதுமாக இருந்தது.

முதல் சந்திப்பில் அத்தான் ஒன்றும் பேசவில்லை. அக்காதான் என்னைக் கேட்டாள். "கை தவறிப் பட்டுப்போச்சு எண்டு சொல்லலாம்தானே? கேட்டுச் சொல்லு."

நான் கேட்டேன். அவொக்கா இல்லை என்றார். கை தவறியது என்றால் அது விபத்து. விபத்தால் ஒருவன் தன்னைக் காத்துக்கொண்டான் என்று நீதிமன்றத்தில் சொல்ல முடியாது. வெட்டினேன், தெரிந்துதான் வெட்டினேன், அந்த நேரத்தில் வேறு வழி இருக்கவில்லை. இந்த மூன்றையும் சொல்ல வேண்டும். ஆபத்து அந்தக் கணத்தில் இருந்திருக்க வேண்டும், பதிலும் அந்தக் கணத்தில் இருந்திருக்க வேண்டும், பதில் ஆபத்தை விடப் பெரிதாக இருக்கக் கூடாது. ஒரு வெட்டோடு நிறுத்தியதும், அக்கா துவாய் கட்டியதும் நல்லது என்றார்.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. கடைக் கமரா கண்ணாடிப் பெட்டியைப் பார்க்கிறது, கல்லாவைப் பார்க்கவில்லை. நாள் முழுக்கத் தன்னைப் படம் எடுக்கிறது என்று அக்கா சண்டை பிடித்து அதைத் திருப்ப வைத்திருந்தாள். ஆகவே படத்தில் ஒரு கத்தி மேலே போய்க் கீழே வருவது தெரிகிறது. சுத்தியல் ஓங்கியது யாருடைய தலைக்கு மேலே என்று தெரியவில்லை. அத்தானும் அக்காவும் சொல்வதைத்தான் நம்ப வேண்டும்.

"நகைக்கடையில் இப்படி ஒரு கத்தி எதற்கு?" என்று அவொக்கா கேட்டார். நான் தேங்காய் உடைக்கிறதை விளங்கப்படுத்தினேன். அவர் குறித்துக்கொண்டு, அதற்கு ஆதாரம் வேண்டும் என்றார். கத்தி தயாராக வைத்திருந்த ஆயுதம் அல்ல, கையில் அகப்பட்ட சாமான் என்று காட்டினால் பாதி வேலை முடிந்தது.

அடுத்த வெள்ளி காலையில் கடைக்குப் போனேன். என் தொழிலில் காலையில் நான் கடைக்குள் கால் வைத்தது அன்றுதான் முதல்முறை. பழைய கத்தி பொலிஸிடம் இருந்ததால் பக்கத்து மரக்கறிக் கடையில் இரவல் வாங்கிய கத்தியால் அத்தான் தேங்காய் உடைத்தார். நான் சாமிப்படம், தேங்காய்ப் பாதிகள், தட்டு எல்லாவற்றையும் போனில் படம் எடுத்தேன். கற்பூரத்தை அணைத்த பிறகும் அத்தான் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். உதடு மட்டும் அசைந்தது. நேரம் போய்க்கொண்டே இருந்தது. எனக்குக் கால் உளைந்தது.

"ஒவ்வொரு வெள்ளியும் இப்பிடித்தான். தேவாரம் முழுக்க அவருக்கு மனப்பாடம்," என்று அக்கா பெருமையாகச் சொன்னாள். மரக்கறிக் கடையில் இருந்து வெள்ளிக்கிழமைத் தேங்காய்களுக்கான பற்றுச்சீட்டுகளையும் வாங்கிக்கொண்டு வந்தேன். பாரிஸில் ஒரு மனிதனைத் தேங்காய் காப்பாற்றப் போகிறது என்று அன்று எனக்குச் சிரிப்பாகக்கூட இருந்தது.

இதற்கிடையில் விஷயம் தெருவில் பரவி, ஆட்கள் முதல்முறையாகத் தாங்களாகவே என் கந்தோருக்கு ஏறி வந்தார்கள். "அந்தக் கத்தி இன்சூரன்ஸ் எனக்கும் ஒண்டு போட்டுவிடுங்கோ." கத்திக்கு இன்சூரன்ஸ் கிடையாது, அவொக்காவுக்குத்தான் இன்சூரன்ஸ் என்று ஒவ்வொருவருக்கும் சொல்லி அலுத்துப்போனேன். ஒரு கடைக்காரர் கல்லாவுக்குக் கீழே ஒரு வாள் வாங்கி வைக்கலாமா என்று கேட்டார். வைத்தால் நீங்கள் எனக்குத் தெரிந்தவர் என்று ஒருவரிடமும் சொல்லக்கூடாது என்றேன். ஒரு மீன் கடைக்காரர் தன்னுடைய கடையில் எல்லாமே கத்திதானே, தள்ளுபடி உண்டா என்றார்.

இரண்டாவது சந்திப்பு, வாக்குமூலத்துக்குச் சில நாட்களுக்கு முன்னால். அவொக்கா அத்தானைப் பார்த்து, நடந்ததை உங்கள் வாயால் சொல்லுங்கள் என்றார். நான் மொழிபெயர்க்கத் தயாராக இருந்தேன்.

அத்தான் நிமிர்ந்து இருந்தார். சுவரைப் பார்த்துக்கொண்டு, ஏற்ற இறக்கம் இல்லாத குரலில், என் வாழ்க்கையில் நான் அவரிடம் கேட்காத அளவு நீளமாகச் சொல்லத் தொடங்கினார். "நான் சின்ன வயசிலை இருந்து பயத்தோடை வாழ்ந்தனான். எங்கடை வீட்டுக்கு ஆயுதங்களோடை வந்து விசாரிச்சவை. என்ரை தம்பியைக் கொண்டுபோய் ஒழுங்கை முடக்கிலை வைச்சுச் சுட்டவை."

அவொக்கா என்னைப் பார்த்தார். "இந்தத் தம்பி கடையில் பங்காளியா?"

"இல்லை. அது வேறு கதை," என்றேன்.

அத்தான் நிறுத்தவில்லை. கடலைக் கடந்தார், காட்டைக் கடந்தார், பாரிஸுக்கு வந்தார், கடை திறந்தார். "கடை திறந்த நாளிலை இருந்து எனக்கு மிரட்டல். இதே ஆக்கள் மூண்டு தரம் வந்தவை. போனிலையும் வெருட்டினவை. உயிருக்குப் பயந்து நான் ஒரு கத்தி வாங்கிக் கல்லாவுக்குப் பக்கத்திலை வைச்சிருந்தனான்."

கடைசி வசனத்தை நான் மொழிபெயர்க்கவில்லை. அவொக்கா காத்திருந்தார். பிறகு மொழிபெயர்த்தேன். அவர் பேனையைக் கீழே வைத்தார்.

"இதை எழுதியது யார்?" என்று கேட்டார்.

எனக்கு அது கேட்காமலே தெரிந்தது. லா ஷப்பலில் மாஸ்டர் என்று சொன்னால் அவர்தான். ஊரில் தபால் கந்தோரில் வேலை பார்த்தவர். இங்கே வந்த நாளில் இருந்து ஆட்களுக்குக் கேஸ் எழுதுகிறார். அத்தானின் அகதிக் கேஸும் அவர் எழுதி வென்றதுதான். மாஸ்டரின் கேஸ்களுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. பயம் நெடுங்காலமாக இருக்க வேண்டும், ஒரு முறை அல்ல, பல முறை வந்து மிரட்டியிருக்க வேண்டும், ஒரு தம்பி சாக வேண்டும். இந்தத் தெருவில் பாதிப் பேருக்கு மாஸ்டர் கொடுத்த தம்பி உண்டு. கொடுத்த கையோடு கொன்றும் விடுவார்.

அக்காதான் அத்தானை அவரிடம் கூட்டிக்கொண்டு போயிருந்தாள். அவளுக்கு நான் படித்தவள், மாஸ்டர் வென்றவர்.

அவொக்கா சத்தம் போடவில்லை. மெதுவாக விளங்கப்படுத்தினார். இவர் சொல்வதைப் பொலிஸில் சொன்னால், வரப்போகிறவர்களுக்காகக் கத்தியோடு காத்திருந்த மனிதர் ஆகிவிடுவார். தேங்காய்ப் படங்களைக் கிழித்துப் போடலாம். மூன்று முறை மிரட்டல் வந்திருந்தால் ஏன் பொலிஸுக்குச் சொல்லவில்லை என்று கேட்பார்கள். ஏன் எங்களுக்குச் சொல்லவில்லை என்று கம்பனி கேட்கும் என்பதை நான் மனதுக்குள் சேர்த்துக்கொண்டேன். ஆபத்து கூடியதை மறைத்த ஒப்பந்தத்துக்கு ஒரு சதமும் வராது. உண்மையே போதுமாக இருந்த ஒரு கேஸ் என் கண்ணுக்கு முன்னால் பொய்யால் நாசமாகிக்கொண்டு இருந்தது. எனக்கு உச்சியில் ஏறியது.

படியிறங்கியதும் அத்தானிடம் கேட்டேன். "ஏன் அத்தான் உப்பிடிச் சொன்னனீங்கள்? நடந்ததைச் சொல்லுறதுக்கு என்ன?"

"முதல் கேஸோடை இது முட்டக்கூடாது, மச்சாள்," என்றார். "அதிலை நான் ஆயுதம் தொட்டதே இல்லை எண்டு குடுத்தனான். பயந்து ஓடி வந்தவன் எண்டு குடுத்தனான். இப்ப வெட்டினனான் எண்டு சொன்னால், பழைய பைலை எடுத்து வைச்சுக் கேட்பாங்கள். மாஸ்டருக்குத்தான் அதிலை என்ன இருக்குதெண்டு தெரியும். ரெண்டையும் பொருத்தித் தந்தவர்."

முதல் விசாரணையில் ஒன்று, இரண்டாவதில் ஒன்று என்று சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டவர்களை எங்கள் எல்லோருக்கும் தெரியும். கொமிசாரியாவில் வாய் திறக்காமல் இருந்தது புத்திசாலித்தனம் என்று நான் நினைத்திருந்தேன். அது இந்தப் பயம்.

அடுத்த நாள் மாஸ்டரைத் தேடிப் போனேன். ரூ பெர்தொனேயில் ஒரு சாப்பாட்டுக் கடையின் கடைசி மேசையில் பால் விடாத பிளேன்ரீயோடு இருந்தார். நல்ல பேச்சுப் பேச வேண்டும் என்று போனவள், முதல் வாயிலேயே, "உங்கடை கதையாலை ஒரு மனுசன் மறியலுக்குப் போகப்போறார்," என்று தொடங்கிவிட்டேன். பக்கத்து மேசைக்காரர் ரோல்ஸைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார்.

மாஸ்டர் கோபிக்கவில்லை. "இரு பிள்ளை," என்றார். "சட்டம் என்ன கேக்குது? அதைச் சொல்லு."

சொன்னேன். அந்தக் கணத்தில் ஆபத்து, அந்தக் கணத்தில் பதில், அளவாகப் பதில். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். நல்ல கேஸ்காரர் என்பது அந்தத் தலையாட்டலில் தெரிந்தது.

"இவ்வளவு காலமும் பயம் பழசா இருக்கோணும் எண்டுதான் கேட்டவங்கள்," என்றார். "நேற்றுப் பயந்தவனுக்கு இஞ்சை இடமில்லை. எவ்வளவு காலமாப் பயம், எத்தினை தரம் வந்தவை, அதுதான் கேள்வி. இப்ப பயம் புதுசா இருக்கோணும் எண்டுறாய். நான் பழைய அச்சிலை வார்த்துப்போட்டன்."

"அவொக்கா சொல்லி அத்தான் கேக்கமாட்டார். நான் சொல்லியும் கேக்கமாட்டார்."

"ஓம், தெரியும்," என்று பிளேன்ரீயை முடிக்காமலே எழுந்தார்.

நகைக்கடைக்குள் போய், உடைந்த பெட்டிக்குப் பதிலாக வந்திருந்த புதுக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, அத்தானிடம் நேரே சொன்னார். "தம்பி, நான் எழுதினதை மறந்துவிடு. பழைய கேஸ் வேறை கந்தோர். இவை அதை எடுக்கமாட்டினம். சுத்தியல் ஓங்கினதிலை தொடங்கு, அது விழுந்ததிலை முடி. முன்னுக்கும் பின்னுக்கும் ஒண்டும் வேண்டாம்."

அத்தான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். "தம்பியின்ரை கதை?" என்று கேட்டார்.

"அதுவும் வேண்டாம்," என்றார் மாஸ்டர். அத்தான் சரி என்றார். நான் உடனே அவொக்காவுக்குப் போன் எடுக்க வெளியே போய்விட்டேன்.

வாக்குமூலம் எதிர்பார்த்ததை விடச் சீக்கிரம் முடிந்தது. அதே புதுச்சேரிக்காரர் வந்திருந்தார். அத்தான் சுத்தியலில் தொடங்கிச் சுத்தியலில் முடித்தார். அக்காவைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டபோது, அவள் கமராவைத் திருப்ப வைத்த சண்டையில் இருந்து தொடங்கியிருக்கிறாள். வெளியே வந்த அவொக்காவின் முகத்தில் திருப்தி தெரிந்தது. அத்தான் மட்டும் யாரோ பாதியில் சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துவிட்ட மாதிரி நின்றார்.

"முன்னம் நடந்ததைப் பற்றி ஒண்டும் கேக்கேல்லை, மச்சாள்," என்றார். அது நல்லது என்றேன்.

பிறகு மாதங்கள் போயின. அத்தான் மெலிந்தார். கடை மணி அடித்தால் அக்காதான் எழுந்து கண்ணாடிக்குள்ளால் பார்த்துக் கதவைத் திறந்தாள். கம்பனிப் பெண் இடைக்கிடை போன் எடுத்துத் தீர்மானம் வந்ததா என்று கேட்பாள். நான் வரவில்லை என்பேன். அவளுக்கு அது ஒரு பைல். எனக்கும் அது ஒரு பைல்தான் என்ற மாதிரியே குரலை வைத்துக்கொண்டேன். இரவில் நித்திரை வராததை அவளுக்குச் சொல்ல என்ன இருக்கிறது.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அவொக்கா அழைத்தார். தற்காப்பு என்று ஏற்றுக்கொண்டு வழக்கை மூடிவிட்டார்கள். கம்பனி ஒன்றையும் திருப்பிக் கேட்காது. நான் கந்தோரைப் பூட்டிவிட்டு, மத்தியானம் வரைக்கும் பொறுக்காமல், ரூ பெர்தொனேக்கு நடந்தேன்.

நான் சொன்னவுடன் அக்கா அழுதாள். அத்தான் அப்போதுதான் தேங்காய் உடைத்து முடித்திருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "அப்ப என்ரை பழைய கேஸ்?"

"அதை ஒருத்தரும் எடுத்துப் பாக்கேல்லை, அத்தான்."

"ஒருத்தரும்?"

"ஒருத்தரும் இல்லை. இனியும் பாக்கமாட்டினம். நீங்கள் அதை மறந்துவிடலாம்."

அவர் சாமிப்படத்தைப் பார்த்தார். "நான் அதைப் பாடமாக்கி வைச்சிருக்கிறன், மச்சாள்," என்றார். "ஒவ்வொரு வெள்ளியும் தொடக்கத்திலை இருந்து முடிவு வரைக்கும் ஒருக்காச் சொல்லிப் பாப்பன். கேட்டால் தடக்குப்படக் கூடாதெண்டு."

அக்கா கண்ணைத் துடைத்த கையை அப்படியே வைத்திருந்தாள். இத்தனை வருடமும் தேவாரம் என்று ஊருக்கெல்லாம் சொன்னவள் அவள்.

"இனி ஏன் அது? விட்டிடுங்கோ," என்றேன்.

"மாஸ்டர் கன விசயம் சேர்த்து எழுதினவர். அதெல்லாம் மறந்தால் மறந்து போகட்டும்." கை துடைத்த துணியை மடித்து வைத்தார். "தம்பி செத்த இடம் மட்டும் உண்மை. நான் சொன்னபடிதான் எழுதினவர். வேறை எங்கையும் நான் அதைச் சொன்னதில்லை."

அத்தானுக்கு ஒரு தம்பி இருந்தது எனக்குத் தெரியாது. அக்காவைப் பார்த்தேன். அவளுக்கும் தெரியாது.

அவர் தேங்காய்ப் பாதிகளைப் படத்துக்கு முன்னால் நேராக வைத்தார். நான் தம்பியின் பெயரைக் கேட்டேன். சொன்னார்.